நாட்டுத் துப்பாக்கியில் மரை போனால்...

(வானொலி உழவர் உரை. மாங்காட்டிலிருந்து வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் பேசியது.)



உரம், விதை நேர்த்தி, பூச்சிமருந்து என்று பேசுகிற ஆள் இன்றைக்குத் துப்பாக்கியைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கி, வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகள் நம் மாநிலத்தின் மலையடிவாரக் கிராமங்களில் இருக்கிறார்கள். லைசென்ஸ் புத்தகத்தில் ‘எஸ்.பி.எம்.எல்.’ என்று எழுதியிருப்பது இதைத்தான்.

மாங்காடு, குன்றத்தூர், பூந்தமல்லிப் பக்கம் பூவும் கீரையும் பயிரிடுகிற நமக்கு இந்தத் துப்பாக்கியோடு என்ன வேலை? நமக்குத் துப்பாக்கி வேண்டியதில்லைதான். ஆனால் 1960-களில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டை நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கடைசல் பட்டறைகளுக்கு இந்த வட்டாரத்தில் குறைவில்லை. ஜவ்வாது மலைப்பக்கமோ தருமபுரிப் பக்கமோ இருக்கிற உறவுக்காரர் ஒருவர், “மாப்ளே, உங்க ஊர்ப் பக்கம்தான் தெருவுக்குத் தெரு லேத்து இருக்கே. துப்பாக்கியில நிப்பிள் மரை போச்சு. பழசைக் குடுத்தனுப்புறேன், அதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு வாங்கி அனுப்பு” என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? பம்பு செட்டு போல்ட்டுக்குச் செய்கிற உதவியை இதற்கும் செய்யலாம்தானே என்று தோன்றும். செய்யக்கூடாது. ஏன் என்பதைத்தான் இன்று விளக்கப் போகிறேன்.

மரை எங்கெங்கே இருக்கிறது?

இந்தத் துப்பாக்கியின் அமைப்பு எளிமையானது. ஒரு நீண்ட இரும்புக் குழல். அதன் பின்முனை ஒரு கனத்த மரையாணியால் மூடப்பட்டிருக்கும். இதை அடிமூடி என்று வைத்துக்கொள்வோம். அடிமூடிக்குச் சற்று முன்னால், குழலின் பக்கவாட்டிலோ மேற்புறத்திலோ, நிப்பிள் என்கிற சின்ன உருப்படி மரையோடு ஏறி நிற்கும். அதன் நடுவே ஊசித் துளை உண்டு. நிப்பிளின் தலையில் கேப்பைச் செருகி, ‘குதிரை’ என்று சொல்கிற சுத்தி அதன்மேல் அடிக்கும்போது, கேப்பிலிருந்து கிளம்புகிற நெருப்பு அந்தத் துளை வழியாக உள்ளே போய்க் கருமருந்தைப் பற்றவைக்கிறது.

இவை தவிர, குதிரையையும் விசையையும் கட்டையோடு பிடித்து வைக்கும் திருகாணிகள் சில உண்டு. அவற்றின் மரை போனால் துப்பாக்கி ஆடும், விசை சரியாகப் பிடிக்காது. அதுவும் ஆபத்துதான். ஆனால் உயிரோடு விளையாடுகிற மரைகள் இரண்டு: ஒன்று நிப்பிள் மரை, மற்றது அடிமூடி மரை.

மரை தாங்குகிற சுமை

கைக்கு அடக்கமான பொருள்தானே, இதில் என்ன பெரிய சுமை என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 போர் குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். அதன் பரப்பு சுமார் 2.7 சதுர சென்டிமீட்டர். மருந்து வெடிக்கும் கணத்தில் உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 400 கிலோ அழுத்தம் எழுகிறது என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், அடிமூடியைப் பின்னுக்குத் தள்ளுகிற விசை 1,000 கிலோவுக்கும் மேல் போகிறது. ஐம்பது கிலோ மூட்டைகள் இருபதைத் தூக்கி ஒரே நொடியில் அதன்மேல் போட்டது மாதிரி. கால் அங்குலக் கனமுள்ள நிப்பிளுக்குக்கூட சுமார் 125 கிலோ, அதாவது இரண்டரை மூட்டை.

இந்தச் சுமையைத் தாங்குவது மரையின் பற்கள் மட்டுமே. வேறு எதுவும் இல்லை. சுடுகிறவரின் கன்னமும் கண்ணும் அந்த மரைக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கின்றன. தெளிப்பானில் மரை போனால் மருந்து ஒழுகும், பம்பில் மரை போனால் தண்ணீர் பீச்சும். துப்பாக்கியில் மரை போனால் இரும்புத் துண்டு கண்ணுக்குள் வரும்.

மரை ஏன் போகிறது?

முதல் காரணம் துரு. கருமருந்து எரிந்த பிறகு அதன் எடையில் பாதிக்கும் மேல் கரியும் உப்புமாகத் தங்கிவிடுகிறது. புகையாகப் போவது மிச்சம்தான். இந்தக் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பழைய வகைக் கேப்புகள் விட்டுச் செல்லும் உப்போ, நம் சமையல் உப்புக்கு உடன்பிறப்பு. சுட்ட துப்பாக்கியைக் கழுவாமல் இரண்டு நாள் வைத்தால் போதும். மரையின் பள்ளங்களில் துரு உட்கார்ந்து பல்லைத் தின்ன ஆரம்பித்துவிடும்.

இரண்டாவது காரணம் தவறான கருவி. துருப்பிடித்த நிப்பிளைக் கட்டிங் பிளேயரால் கவ்வித் திருகினால் தலை மழுங்கும். பிறகு உளி வைத்துத் தட்டுவார்கள். அதோடு குழலின் மரையும் சேர்ந்து கெடும். நிப்பிள் கெட்டால் வேறு நிப்பிள் போடலாம். குழல் மரை கெட்டால் செலவும் ஆபத்தும் பல மடங்கு.

மூன்றாவது காரணம் தவறான மருந்து. அளவுக்கு மேல் கெட்டிப்பது, பட்டாசைப் பிரித்து அந்த மருந்தைப் போடுவது, தீக்குச்சி மருந்தைச் சுரண்டிப் போடுவது, தோட்டாவைப் பிரித்து அதிலுள்ள புகையில்லா மருந்தைப் போடுவது. இவை எல்லாம் அந்தக் குழல் தாங்குவதற்கு மேலான அழுத்தத்தை எழுப்பக் கூடியவை. முதல் தடவையே வெடிக்காமல் போகலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் மரை கொஞ்சம் இழுபட்டிருக்கும். பத்தாவது தடவை சரியான மருந்தைப் போட்டாலும் அது தாங்காது. “இத்தனை நாள் ஒண்ணும் ஆகலியே” என்பது இந்த விஷயத்தில் ஆறுதல் அல்ல.

எப்படிக் கண்டுபிடிப்பது?

எதைப் பார்ப்பதற்கும் முன்னால் துப்பாக்கி காலியா என்று பாருங்கள். மருந்து கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாய் இருக்கும் இடத்தில் கம்பியில் ஓர் அடையாளம் செய்துகொள்ளுங்கள். கம்பியை வெளியே எடுத்து, அதே அடையாளத்தைக் குழல் வாய்க்கு நேராக வைத்துக் குழலின்மேல் நீட்டிப் பாருங்கள். கம்பியின் நுனி நிப்பிள் இருக்கும் இடம் வரை வரவேண்டும். நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே மருந்து இருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் கேப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள். பீடி, விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம். நிப்பிளைத் தொட வேண்டாம். லைசென்ஸ் பெற்ற பழுது பார்ப்பவருக்குத் தகவல் சொல்லி அவர் சொன்னபடி நடவுங்கள்.

காலி என்று உறுதியான பிறகு, பார்க்க வேண்டிய அடையாளங்கள் இவை:

1. நிப்பிளைச் சுற்றிக் குழலில் கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ கீற்று விழுந்திருந்தால், மரை வழியாகப் புகை கசிகிறது.

2. நிப்பிளை விரலால் அசைத்தால் ஆடினால், பற்கள் தேய்ந்துவிட்டன.

3. சுட்டதும் குதிரை தானாகப் பின்னுக்கு எகிறி நின்றால், நிப்பிளின் ஊசித் துளை பெருத்துவிட்டது. மரை நன்றாயிருந்தாலும் இந்த நிப்பிளை மாற்ற வேண்டும்.

4. நிப்பிளை முழுவதும் இறுக்குவதற்கு முன்பே அது சுற்றிக்கொண்டே இருந்தால், குழல் மரையே போய்விட்டது.

5. குழலின் பின்முனையில் அடிமூடி சேரும் இடத்தில் கறுப்புக் கோடு தெரிந்தாலோ, முன்பு நேராக இருந்த அடிமூடி கொஞ்சம் திரும்பியிருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

இதில் எது இருந்தாலும் இன்னும் ஒரே ஒரு வெடி என்று நினைக்க வேண்டாம்.

ஏறினால் போதும் என்பது தவறு

மரை மாற்றுவதில் அதிகம் நடக்கிற தவறு இதுதான். “புது நிப்பிள் உள்ளே ஏறிடுச்சு, இறுகிடுச்சு, சரியாயிடுச்சு” என்பார்கள். ஏறுவது வேறு, பொருந்துவது வேறு.

மரைக்கு இரண்டு அளவு உண்டு. ஒன்று கனம், மற்றது பல்லுக்குப் பல் இடைவெளி. துப்பாக்கி செய்த பட்டறையைப் பொறுத்து இது அங்குல அளவாகவும் இருக்கலாம், மில்லிமீட்டர் அளவாகவும் இருக்கலாம். நிப்பிளில் அடிக்கடி காண்கிற இரண்டு அளவுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று கால் அங்குலக் கனம், அங்குலத்துக்கு 28 பல். மற்றது 6 மில்லிமீட்டர் கனம், 1 மில்லிமீட்டருக்கு ஒரு பல். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் கால் அங்குல மரைக்குள் 6 மில்லிமீட்டர் நிப்பிளைப் போட்டால், முதல் இரண்டு மூன்று சுற்று லொடலொட என்று போகும். பிறகு இறுகும். கை பலத்துக்கு அது சரியாக உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

உண்மையில் நடந்தது என்ன? கனம் குறைவானதால் பல்லின் நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருக்கிறது. இடைவெளியும் வேறு. 28 பல் மரையில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 0.9 மில்லிமீட்டர் மட்டுமே. எட்டுப் பல் போவதற்குள் முக்கால் மில்லிமீட்டர் தப்பிவிடுகிறது. அதனால்தான் சிக்கி இறுகுகிறது. இரண்டரை மூட்டைச் சுமையை எட்டுப் பல் சேர்ந்து தாங்க வேண்டிய இடத்தில், ஒன்றிரண்டு பல்லின் நுனி தாங்குகிறது. மாட்டு வண்டியில் எட்டு ஆரக்காலில் ஆறை உருவிவிட்டுப் பாரம் ஏற்றின கதைதான்.

ஆகவே அளவு எடுக்காமல் மாற்றக்கூடாது. மரை அளக்கும் தகட்டை வைத்து இடைவெளியையும், வெர்னியர் வைத்துக் கனத்தையும் பார்த்து, அதே அளவு, அதே நீளம் உள்ள நிப்பிளைத்தான் போடவேண்டும். குழல் மரையும் தேய்ந்திருந்தால் புது நிப்பிளை எந்த விதத்திலும் அதில் நிறுத்த முடியாது. குழலில் அடுத்த பெரிய அளவுக்கு மரை வெட்டி, அந்த அளவு நிப்பிள் போடுவது ஒரு வழி. அதற்குக் குழலின் சுவரில் போதிய கனம் இருக்கவேண்டும். இருக்கிறதா என்று அளந்து சொல்ல வேண்டியவர் தொழில் தெரிந்தவர்.

ஒட்டு வேலை கூடாது

தண்ணீர்க் குழாயில் மரை தளர்ந்தால் சணலும் வெள்ளை டேப்பும் சுற்றுகிறோம். அது கசிவை அடைக்கும், சுமையைத் தாங்காது. துப்பாக்கியில் டேப்பு, சணல், எம்-சீல், ஈயப் பற்று எதுவும் உதவாது. அவை புகைக் கீற்றை மறைத்து, ஆபத்தின் அடையாளத்தைத்தான் அழிக்கும்.

வெல்டிங் அதைவிட மோசம். “ஒரு பொட்டு வெச்சா அசையாது” என்பார்கள். அந்தப் பொட்டின் சூடு பக்கத்து இரும்பின் குணத்தை மாற்றிவிடும். ஓரிடம் மொரமொரப்பாகும், ஓரிடம் இளகும். குழல் வெடிப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான் தொடங்கும். அடிமூடி ஆடினால் அதன் பின்னால் வெல்டிங் வைத்து அடைக்கும் வேலையை யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அடிமூடி மரை போன குழலைக் கழித்துவிடுவதே பெரும்பாலும் சரியான வழி. கை போன பிறகு குழலின் விலை ஞாபகம் வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்போது உறவுக்காரரின் வேண்டுகோளுக்கு வருவோம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பயிர்க் காவலுக்கு உண்மையாகவே தேவைப்படுகிறவருக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர இடம் கொடுக்கிறது. அந்த லைசென்ஸ் வைத்திருக்கத்தான், பழுது பார்க்க அல்ல. சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி துப்பாக்கி செய்ய, விற்க, மாற்றியமைக்க, பழுது பார்க்க, சோதித்துப் பார்க்கத் தனி லைசென்ஸ் வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். துப்பாக்கி என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களையும் அந்தச் சட்டம் சேர்த்துச் சொல்லியிருக்கிறது. ஆகவே சட்டைப்பையில் வருகிற சின்ன நிப்பிளும் சட்டத்தின் கண்ணில் வெறும் இரும்புத் துண்டு அல்ல.

அம்பத்தூரில் நல்ல மனதோடு பத்து நிமிஷத்தில் அதைக் கடைந்து தருகிற லேத்துக்காரர், தான் செய்தது குற்றம் என்றே தெரியாமல் செய்திருப்பார். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வதற்கும் பழுது பார்ப்பதற்கும் தண்டனை குறைந்தது 7 ஆண்டுச் சிறை, அதிகபட்சம் ஆயுள். கொடுத்தனுப்பியவர், வாங்கி வந்தவர், கடைந்தவர் என்று மூன்று குடும்பம் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கும். குழல் நுனி கெட்டுப்போச்சு என்று அதை அறுத்துக் குட்டையாக்குவதற்கும் லைசென்ஸ் வேண்டும். அதைச் சொல்வது 6-ஆவது பிரிவு.

அப்படியானால் வழி என்ன? ஆயுதம் பழுது பார்க்க லைசென்ஸ் பெற்ற கடைகள் இருக்கின்றன. உங்கள் லைசென்ஸை வழங்கிய மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ, மாநகரப் பகுதியானால் காவல் ஆணையர் அலுவலகத்திலோ கேட்டால் விவரம் கிடைக்கும். லைசென்ஸ்தாரர் தானே எடுத்துப் போவது நல்லது. முடியாதபோது, பழுது பார்க்கவோ லைசென்ஸைப் புதுப்பிக்கவோ, அவர் எழுதிக் கொடுத்த அதிகாரத்தோடு இன்னொருவர் எடுத்துப் போகச் சட்டம் இடம் தருகிறது. வாய்ச் சொல் போதாது, எழுத்தில் இருக்கவேண்டும். துப்பாக்கியோடு லைசென்ஸும் போக வேண்டும்.

கடையில் துப்பாக்கியைக் கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள். அதில் துப்பாக்கியின் எண் இருக்கட்டும். எந்த அளவு மரை, குழல் மரை எப்படி இருக்கிறது, பழைய நிப்பிள் எங்கே என்று கேளுங்கள். சோதனை வெடி வைப்பதும் அவர் வேலை. “வயல்ல ஒரு தடவை வெடிச்சுப் பார்த்துக்கலாம்” என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இதையும் ஞாபகத்தில் வையுங்கள். துப்பாக்கி லைசென்ஸ் என்பது காட்டு விலங்கைச் சுடுகிற அனுமதி அல்ல. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மயிலைத் தொடவே கூடாது. காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழக அரசு 2025-இல் ஒப்புக்கொண்ட முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடுவதும் வனத்துறையினர்தான், விவசாயி அல்ல. பயிர்ச் சேதம் என்றால் வனத்துறைக்கு மனுக் கொடுங்கள்.

மரையைக் காப்பது

மாற்றுவதைவிடக் காப்பது லேசு. சுட்ட அன்றைக்கே கழுவ வேண்டும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கசடிலுள்ள உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். ஆகவே முதலில் வெந்நீர். தண்ணீர் பட்டால் துருப்பிடிக்குமே என்று பயப்பட வேண்டாம். வெந்நீரின் சூட்டிலேயே இரும்பு சீக்கிரம் காய்ந்துவிடும். உள்ளும் வெளியும் துணியால் ஒற்றி நன்றாக உலர்த்திய பிறகு எண்ணெய் பூசுங்கள்.

துப்பாக்கியோடு வந்த நிப்பிள் சாவி இருந்தால் அதைக் கொண்டே நிப்பிளைக் கழற்றி, மரையைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். திரும்பப் போடும்போது மரையில் மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள். முதல் இரண்டு சுற்றை விரலாலேயே போடுங்கள். விரலுக்கு வராதது கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். சாவி இல்லையென்றால் நீங்களாகக் கழற்ற வேண்டாம். அடிமூடியை எந்தக் காரணத்துக்கும் வீட்டில் கழற்றக்கூடாது.

தேர்தல் காலத்தில் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அது வாரக் கணக்கில் அங்கே இருக்கும். சுட்ட அழுக்கோடு ஒப்படைத்தால் திரும்பி வரும்போது மரை துருவேறி வரும். கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசி, காலி என்று சோதித்து ஒப்படையுங்கள். வாங்கும்போது நான் முன்னால் சொன்ன ஐந்து அடையாளங்களையும் பார்த்து வாங்குங்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னும், முடிந்த பின்னும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

பேச்சு வழக்கில் புத்தி பிசகினவரை ‘மரை கழண்ட ஆள்’ என்று கேலி செய்கிறோம். மரை கழன்ற துப்பாக்கியைத் தோளில் வைக்கிறவருக்கு அந்தப் பெயர் சரியாகவே பொருந்தும். எனவே உறவுக்காரர் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: “மாமா, பம்புக்கு எத்தனை போல்ட்டு வேணும்னாலும் கடைஞ்சு அனுப்புறேன். துப்பாக்கியை லைசென்ஸ் கடைக்கு எடுத்துக்கிட்டுப் போங்க. வழிச்செலவு வேணும்னா நான் தர்றேன்.” ஒரு கண்ணையும் மூன்று குடும்பத்தையும் காப்பாற்றின புண்ணியம் உங்களுக்குச் சேரும்.